ஏங்க மறுத்த நாய்

பிரிவுத் துயரால் வாடுகிறவர்களில் பல வகை உண்டு. அவர்களில் தலையாயவர், தம் நாயை அடுத்தவர் வீட்டில் ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றப் போகிறவர். நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், நாலு தெருவுக்குக் கேட்கும்படி கைப்பேசியில் உருகிக்கொண்டிருப்பாரே, அவரேதான்.

ஊருக்குப் போகிறவர்களின் நாய்களை வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டில் கூண்டு கிடையாது, சங்கிலி கிடையாது. சோபா உண்டு, மெத்தை உண்டு, அவள் புருஷன் உட்காரத்தான் இடமில்லை. அந்த வாசலில் நம்மவர் வந்து இறங்கும் அழகு இருக்கிறதே! நாயின் படுக்கை, நாயின் போர்வை, நாயின் தட்டு, நாயின் தலையணை, அந்தத் தலையணை பிடிக்காவிட்டால் மாற்றுத் தலையணை, தம் வாசனை இல்லாமல் அது தவித்துப்போகுமே என்று துவைக்காமல் பத்திரப்படுத்திய பனியன், இத்தனையும் காரிலிருந்து இறங்கும். பனியனை மட்டும் அக்கா இரண்டு விரலால் வாங்கிக்கொள்வாள்.

“நான் இல்லாட்டி சின்னவன் தண்ணி கூடக் குடிக்க மாட்டான்க்கா,” என்பார்.

சின்னவன் என்பது நாய். பெரியவன் என்று ஒருவன் இருக்கிறான்; இவர் பெற்ற பிள்ளை, வெளியூர் விடுதியில் படிக்கிறான். அவன் தண்ணீர் குடிக்கிறானா என்று யார் கேட்டது?

சின்னவன் அதற்குள் உள்ளே ஓடிவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடற்கரைக்குப் போனவர் கடலைப் பார்ப்பார் என்றா நினைக்கிறீர்கள்? கடலுக்கு முதுகைக் காட்டி நின்று அக்காவை வீடியோவில் அழைப்பார். தொழிலுக்குப் புதிதில் அக்கா ஒரு தப்புச் செய்தாள். ஒரு வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். “சூப்பரா இருக்கான் சார், உங்க நினைப்பே இல்ல!” அத்தோடு அந்த வாடிக்கை போயிற்று, நாயை மயக்கிவிட்டாள் என்ற கெட்ட பெயர்தான் மிச்சம். அன்றிலிருந்து, நாய் நன்றாகத் தூங்கும் நேரம் பார்த்துத்தான் போனை எடுக்கிறாள்.

“பாருங்க சார், உங்களையே நினைச்சுப் படுத்துக் கெடக்கான்.”

“அழுதானாக்கா?”

“வாசலையே பாத்துக்கிட்டு இருந்தான்.”

பொய்யில்லை. வாசலில் பூனை இருந்தது.

“கேட்டியாடி? வாசலையே பாக்கறானாம்!” கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு இருந்ததில்லை.

“நானும்தான் ஹோட்டல் வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். பசிக்குது,” என்றாள் மனைவி.

அதற்குமேல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடுமுறையைப் பாதியில் முறித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சின்னவன், அக்கா புருஷன் மடியில் மல்லாந்து, நாலு காலையும் விரித்து, வயிற்றைச் சொறியக் கொடுத்துக்கொண்டிருந்தது.

“சின்னவனே! அப்பா வந்துட்டேன்டா!”

சின்னவன் ஒரு கண்ணைத் திறந்தது. பார்த்தது. மூடிக்கொண்டது.

அக்கா புருஷனை முறைத்தாள். இன்னொரு வாடிக்கையும் போச்சா? நம்மவரின் கீழுதடு துடித்தது. மூக்கு சிவந்தது. பிறகு, மெல்ல மெல்ல, அந்த முகத்தில் ஒரு ஒளி பரவியது.

“கோவம்க்கா! விட்டுட்டுப் போயிட்டேன்ல? ரோஷக்காரன்! எம் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேங்கறான் பாருங்க!”

“ஆமா சார், ரொம்ப ரோஷம்,” என்றாள் அக்கா, போன உயிர் திரும்பி வந்து.

“அடுத்த தடவை நீங்க இங்கயே இருங்க,” என்றாள் மனைவி. “நான் நாயைக் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள்தான் நாய் வளர்க்கவில்லையே. ஆனால் போன தடவை வெளியூரிலிருந்து வீட்டுக்கு போன் போட்டு, “நான் இல்லாம எப்படி இருக்கீங்க?” என்று கேட்டீர்கள் அல்லவா? “ஐயோ, வீடே வெறிச்சுன்னு இருக்கு,” என்று பதில் வந்தது அல்லவா? அதைச் சொல்வதற்கு முன்னால் அவசர அவசரமாகப் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்களே, அது உங்கள் காதில் விழவில்லையா?