ஏறச் சொன்ன அப்பாவும் இறங்கிய சித்தப்பாவும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் தரையிலும் வானத்திலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொன்னால் என்ன என்பீர்கள். போனைக் காதில் வைத்தாலே எனக்குப் பேச வராது. பள்ளிக்கூடத்தை விட்டதே எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல்தானே. இப்போது தையல் கடையில் பொத்தான் தைக்கிறேன். பொத்தான்கள் கேள்வி கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதத்தோடு அப்பா ஓய்வு பெறுகிறார். விமானக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் கடைசியாக உட்காரும் நாளில், அந்த வழியாகப் போகிற விமானிகள் ரேடியோவில் ஒரு வார்த்தை வாழ்த்திவிட்டுப் போவது வழக்கமாமே. அன்றைக்கு நீங்களும் அந்தப் பக்கம் பறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்பா கேட்க மாட்டார். உங்கள் குரலே இப்போது அவருக்கு ஆகாது. அதனால்தான் நான் கேட்கிறேன்.

நீங்கள் வந்துபோன காலத்தில் நம் வீட்டு நடை எப்படி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய நடைக்கு அப்பா வானத்துச் சட்டத்தைப் போட்டிருந்தார்; கிழக்கே போகிற விமானம் ஒரு உயரம், மேற்கே போகிறது வேறு உயரம் என்பதுபோல, சமையலறைக்குப் போகிறவர்கள் தட்டைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும், அங்கிருந்து வருகிறவர்கள் இடுப்பளவில் பிடிக்க வேண்டும், நீங்களோ வேண்டுமென்றே இரண்டு கையிலும் இரண்டு உயரத்தில் தட்டோடு வந்து நடுவில் நிற்பீர்கள், அப்பா கூடத்திலிருந்து "யாருடா அது என் அனுமதி இல்லாம?" என்று கத்துவார், அம்மா "பால் ஆறுது, வழிய விடுங்க ரெண்டு பேரும்" என்பாள், எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிடும். இப்போது அந்தச் சட்டத்தை யாரும் பேசுவதில்லை. போன வாரம் நானும் அம்மாவும் ஒரே உயரத்தில் மோதி, பால் முழுவதும் அப்பாவின் செருப்பில் கொட்டியது. அவர் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எல்லாம் அந்த ஒரு நாளால் வந்த வினை. எதிரே வந்த விமானம் உயரம் தப்பி உங்கள் உயரத்துக்கே வந்தபோது, அப்பா ரேடியோவில் உங்களை ஏறச் சொன்னார். மோதல் வருமென்றால் தானே எச்சரிக்க உங்கள் விமானத்தில் இருக்கிற பெட்டி அதே நொடியில் இறங்கச் சொன்னது. அந்தப் பெட்டி எதிர் விமானத்தின் பெட்டியோடு பேசி அதை ஏறச் சொல்லியிருந்தது. பெட்டி பேசினால் பெட்டி பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்பது சட்டம் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். நீங்கள் இறங்கினீர்கள். எல்லோரும் பிழைத்தார்கள். ஆனாலும் அன்று சாப்பிடும்போது அப்பா ஆரம்பித்தார்.

"அத்தனை விமானமும் என் பேச்சைக் கேக்குது. என் கூடப் பொறந்தவன் மட்டும் ஏறுன்னா இறங்குறான்!"

"இறங்கினதாலதான் இங்க உக்காந்து சாப்பிடுறார்," என்றாள் அம்மா.

நீங்களாவது சும்மா இருந்திருக்கலாம். "அண்ணா, அந்தப் பெட்டிக்குக் கோபம் வராது. அதான் அது சொன்னதக் கேட்டேன்," என்றீர்கள். அப்பா கை கழுவ எழுந்தவர்தான். உங்களோடு பேசி நான்கு வருஷமாகிவிட்டது.

அம்மா ஒருமுறை உங்களுக்குப் போன் போட்டு, யார் என்று சொல்லாமல் அப்பா கையில் கொடுத்தாள். அவர் நீங்கள் பேசி முடிக்கும்வரை முழுக்கக் கேட்டுவிட்டு, "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். உங்கள் விமானம் வருகிற நேரம் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறாராம். இத்தனை டீ குடித்தால் தூக்கம் எப்படி வரும்? கடைசி நாளில் எல்லோர் குரலும் வந்து உங்கள் குரல் மட்டும் வரவில்லை என்றால் அவர் வீட்டுக்கு எப்படித் திரும்பி வருவார் என்று நினைத்தாலே ஊசி விரலில் ஏறிவிடுகிறது.

சித்திக்கு என் வணக்கம். தம்பிக்கு என் முத்தம். எந்த உயரத்தில் இருந்தாலும் உங்களுக்கு எதிரே யாரும் வராமல் இருக்கட்டும்.

உங்கள் பிரியமுள்ள,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். உறையை ஒட்டப் போகும்போது அப்பா வேலை முடிந்து வந்தார்.

"இன்னிக்கு உன் சித்தப்பன் என் பக்கமா வந்தான்," என்றார்.

"நீங்க டீ குடிக்கப் போகலியா?" என்றாள் அம்மா.

"டீ மெஷின் ரிப்பேர். முப்பத்தஞ்சாயிரம் அடியில வந்தான். முப்பத்தேழுக்கு ஏறலாமான்னு கேட்டான். முப்பத்தாறுல எதிர்ல ஒருத்தன் வந்துட்டிருந்தான். கொஞ்சம் இருன்னேன். இருந்தான்."

"எதிர்ல வந்தவன் போனதும் ஏறச் சொல்லிட்டீங்கல்ல?"

"இல்ல."

"ஏங்க, இன்னுமா கோபம்?"

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"முப்பத்தாறாயிரத்துக்கு மேல பறக்குறவங்கள எங்க ரூம்ல வேற ஆள் பாக்குறார். ஏறினா அவர்கிட்டப் போயிடுவான். என் எல்லை தாண்டற வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."