மின்னலுக்கு ஒரு வாய்தா

"இன்னிக்கும் நகர்த்தலையா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்ல."

"நேத்து?"

"நேத்தும் இல்ல, முந்தாநாளும் இல்ல. இன்னியோட எட்டு நாள் ஆச்சு. அந்த மனுஷன் காய் மேல கையே வைக்கல!"

கணவர் தோள்பையைச் சோபாவில் எறிந்தார். உள்ளே இருந்த காலி டிபன் டப்பா சத்தம் போட்டு அவருக்கு ஒத்து ஊதியது.

அவர் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவர். ஆனால் இணையத்தில் செஸ் ஆடுபவர்களுக்கு அவர் 'மின்னல்'. ஆளுக்கு மூன்றே நிமிடம் கொடுக்கும் அதிவேக ஆட்டத்தில் அவர் பெரிய கை. ஒரு நோயாளி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வருவதற்குள் ஓர் ஆட்டத்தை முடித்துவிடுவார். எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாத கில்லாடிகள் எல்லாம் அவரிடம் தோற்றிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட மின்னல், தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், நாலு கால் மேசை மேல் வைத்த மரப்பலகையில், மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கோர்ட்டு குமாஸ்தாவிடம் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரே ஒரு கார் நிறுத்தும் இடத்தால் வந்தது.

கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது தரையில் எழுதியிருந்த வீட்டு எண் அழிந்துபோனது. அது தன் இடம் என்றார் மின்னல். தன் இடம் என்றார் குமாஸ்தா. மின்னல் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் குமாஸ்தா தன் காரைத் தள்ளிக்கொண்டு வந்து அங்கே நிறுத்தி, உறையும் போட்டு மூடிவிட்டார். தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். அதன் பேட்டரி செத்து ஒன்றரை வருடம் ஆகிறது.

அதுவரை இது வெறும் வீம்பு. போன மாதம் மனைவி படியில் தவறி, குதிகால் எலும்பில் விரிசல் விட்டது. படம் எடுத்ததே கணவர்தான். பழக்க தோஷத்தில் குதிகாலுக்கும் "மூச்சை இழுத்துப் பிடி" என்றார். ஆறு வாரம் மாவுக்கட்டு. தினமும் காலையும் மாலையும் அவள் இரண்டு ஊன்றுகோலோடு, கட்டடத்தின் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் நிற்கும் காருக்குச் சரளைக்கல் மேல் தத்தித் தத்திப் போய் வந்தாள். லிஃப்ட் பக்கத்திலோ, ஓடாத கார் ஒன்று உறைக்குள் சுகமாகத் தூங்கியது.

மின்னலுக்கு வயிறு எரிந்தது. கட்டடச் செயலாளர் அம்மா முன்னால் குமாஸ்தாவைப் பார்த்து, "உங்களுக்கு செஸ் ஆடத் தெரியுமா?" என்று சவால் விட்டுவிட்டார்.

குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்தார். "ஏதோ ஆடுவேன்."

"ஒரே ஆட்டம். ஜெயிச்சவருக்கு இடம்."

ஒப்பந்தத்தை மின்னலே அரை நிமிடத்தில் போனில் தட்டி அனுப்பினார்: 'ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கே லிஃப்ட் பக்கத்து இடம். ஆட்டம் முடியும்வரை எல்லாம் இப்போது உள்ளபடியே.' குமாஸ்தா அதை அச்செடுத்து, நாலு தரம் படித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

ஆட்டம் ஜோராகத்தான் தொடங்கியது. மின்னல் சிப்பாயைத் தள்ளினார், குமாஸ்தாவும் தள்ளினார். இருவர் குதிரையும் வெளியே வந்தன, இரண்டும் ஆளுக்கொரு சிப்பாயைத் தின்றன, இரண்டு ராணிகளும் இறங்கின. "சமச்சீர் பாணி. ஆள் விஷயம் தெரிஞ்சவர்தான்" என்று மின்னல் மனைவியின் காதில் சொன்னார். பிறகு குதிரைக்குக் குதிரை போனது. ஆறாவது நகர்த்தலில் மின்னல் தன் ராணியால் குமாஸ்தாவின் ராணியை வெட்டி, அந்தக் கையோடு ராஜாவுக்கும் செக் வைத்தார்.

ஆடத் தொடங்கி நாலு நிமிடம்கூட ஆகவில்லை. குமாஸ்தா பலகையைப் பார்த்தார். மோவாயைத் தடவினார். "யோசிக்கணும்" என்று எழுந்து போனார்.

போனவர் போனவர்தான். தினமும் பத்து மணிக்கு இறங்கி வருவார். பலகை முன்னால் கைகட்டி ஒரு மணி நேரம் உட்காருவார். "இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்" என்று லிஃப்டில் ஏறிவிடுவார். நாற்பது வருடம் கோர்ட்டில் அடுத்தவர்களுக்கு வாய்தா எழுதிக் கொடுத்த கை அது.

"கடிகாரம் வைக்காம எந்த மடையன் செஸ் ஆடுவான்?" என்று மின்னல் வீட்டுக்குள் குதித்தார்.

"நீங்கதான்" என்றாள் மனைவி. "ஒப்பந்தம் எழுதினது யாரு?"

அந்த நேரம் பார்த்துத்தான், அவர் ஆடும் இணையதளத்திலிருந்து மாதாந்திர அறிக்கை வந்து தொலைத்தது. 'உங்கள் ஆட்டப் பாணியும் நீங்கள் மேம்பட வேண்டிய இடங்களும்.' மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்த மனைவி, போனைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்.

"'நீங்கள் வேகமான, ஆபத்தான ஆட்டக்காரர். தாக்குவதற்குத் தயங்குவதில்லை. கடைசிப் பத்து வினாடியில் உங்களைப் பிடிக்க யாராலும் முடியாது.'"

"படி, படி" என்று மின்னல் காலரைச் சரிசெய்தார்.

"'உங்கள் வெற்றிகளில் பாதிக்கு மேல், எதிராளியின் நேரம் தீர்ந்ததால் கிடைத்தவை.' அப்போ நீங்க ஜெயிக்கல, கடிகாரம்தான் ஜெயிச்சிருக்கு."

"அதுவும் ஒரு திறமைடி!"

"'எதிராளி தாமதித்தால் நிதானம் இழக்கிறீர்கள். கைக்குள் வந்த ஆட்டத்திலும் தேவையில்லாத சாகசம் செய்கிறீர்கள். எதிராளிக்கும் உங்கள் அளவு தெரியும் என்று நினைத்து, அவர் செய்யும் சாதாரணத் தவறுக்குள்ளும் சதியைத் தேடுகிறீர்கள்.'"

மின்னலின் காது மடல் சிவந்தது. "ஒரு மெஷின், என்னைப் பத்தி, எனக்கே சொல்லுதா? பன்னிரண்டு வருஷமா ஆடுறேன்! நிதானம் இல்லையாம்! எனக்கா நிதானம் இல்ல?" என்று கத்தியபடி ஊன்றுகோல் ஒன்றைத் தட்டிவிட்டார். பிறகு அந்த இணையதளத்துக்கு மூன்று பத்தியில் சூடாக ஒரு மறுப்பு எழுதினார். இரண்டு வினாடியில், 'உங்கள் பாராட்டுக்கு நன்றி' என்று பதில் வந்தது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சதியைத் தேடுகிறார் என்பதும் பொய் இல்லை. ராணியை ஒருவன் சும்மா தூக்கிக் கொடுப்பானா? அதில் என்ன கண்ணி இருக்கிறது என்று மின்னல் இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தையும் அதிலேயே தொலைத்திருந்தார். அந்தக் குழப்பத்தில் ஒருவருக்கு இடது கைக்குப் பதில் வலது கையைப் படம் எடுத்துத் திட்டும் வாங்கியிருந்தார்.

ஒன்பதாம் நாள் பொறுக்க முடியாமல் மூன்றாவது மாடிக்கே ஏறிப்போய்க் கதவைத் தட்டினார்.

"சார், செக் வச்சா உங்களுக்கு இருக்கிறதே ரெண்டு வழிதான். மந்திரியைக் குறுக்க வைங்க. இல்ல ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்குங்க. ரெண்டுல ஒண்ணைப் பண்ணித் தொலைங்க!"

குமாஸ்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எதிர்க்கட்சி வக்கீல் சொல்லிக் குடுக்கிற சாட்சியை யாராவது சொல்லுவாங்களா தம்பி?"

ஒரு மணி நேரத்தில் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது: 'ஆட்டக்காரர் ஒருவர் மற்றவர் வீட்டுக்குச் சென்று மன உளைச்சல் தருவது தடை செய்யப்படுகிறது. இப்படிக்கு, செயலாளர்.' வந்து போகிறவர்கள் எல்லாம் மின்னலை ஒரு மாதிரி பார்த்தார்கள். மன உளைச்சல் யாருக்கு, தடை யாருக்கு என்று மின்னல் பொருமினார்.

மறுநாள் குடியிருப்போர் கூட்டத்தைக் கூட்ட வைத்தார். கூட்டம் என்றால் பலகை இருந்த மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.

"ஒரு நகர்த்தலுக்கு இவ்வளவு நேரம்னு வரையறை வேணும்! அரை மணி நேரம். அதுவே தாராளம்!"

"முப்பது நாள்" என்றார் குமாஸ்தா.

செயலாளர் அம்மா நியாயஸ்தர். யார் பக்கமும் சாயக் கூடாது என்பதில் குறியாக இருப்பவர். "அவர் முப்பதுங்கிறார், நீங்களும் முப்பதுங்கிறீங்க. நடுவுல வச்சுக்கலாம். பதினஞ்சு நாள். இன்னிலேருந்து கணக்கு."

கை தட்டி நிறைவேற்றினார்கள். அதுவரை அநியாயமாக நடந்துகொண்டிருந்த தாமதம், அன்று முதல் சட்டப்படி நடக்கத் தொடங்கியது. கட்டுப் பிரிப்பதற்குள் மனைவி லிஃப்ட் பக்கத்தில் ஒரு நாளாவது இறங்குவாளா என்று நினைக்க நினைக்க மின்னலுக்கு ரத்தம் கொதித்தது.

"இது என்ன நியாயம்? ராணி போனப்புறமும் ஆடுறதே மானக்கேடு! ரோஷம் உள்ளவன் அப்பவே தோத்தேன்னு எழுந்திருப்பான்! தீர்மானம் போடுங்க மேடம், ராணியை இழந்தவன் தோத்தவன்னு!"

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்" என்றார் செயலாளர் அம்மா. எழுதிய தாளில் மின்னல் காகிதம் கிழியும்படி கையெழுத்துப் போட்டார்.

குமாஸ்தா தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "நிதானமா படிச்சுப் பார்த்துட்டுப் போடுறேன்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கழுவுற மீனில் நழுவுற மீன்.

பதினோராம் நாள் விடுமுறை. பத்து மணிக்குக் குமாஸ்தா இறங்கி வந்தபோது மின்னலும் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார். காலை நடையை முடித்து வந்தவர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். செயலாளர் அம்மாவும் வந்தார். மனைவி ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு நாற்காலியில் அமர்ந்தாள்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. குமாஸ்தா பலகையை எக்ஸ்ரே படம் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏன் சார், அதுல அப்படி என்னதான் யோசிக்கிறீங்க?" என்று மின்னல் கெஞ்சினார்.

"ரொம்பச் சிக்கலான நிலைமை தம்பி. உங்க பக்கம் சுலபமா இருக்கு. என் பக்கம் உக்காந்து பார்த்தாத்தான் தெரியும்."

"என்ன தெரியும்? ஒரு செகண்ட் வேலை சார் இது!"

"பேசுறது சுலபம்."

"பேசுறேனா? நானா பேசுறேன்? குடுங்க உங்க பக்கத்தை! என் பக்கத்தை நீங்க வச்சுக்கோங்க! ராணி இல்லாமலே ஆடி உங்களை முடிக்கல, என் பேரு மின்னல் இல்ல!"

"ஏங்க, வேணாங்க" என்று மனைவி எழப் பார்த்தாள். ஒற்றைக் காலில் எழுவதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

"பக்கம் மாத்திக்கிறோம்னு எழுதிக் குடுத்துடுங்க" என்றார் குமாஸ்தா. மின்னல் எழுதிக் கொடுத்தார். செயலாளர் அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இருவரும் நாற்காலி மாறி உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்த வேகத்தில் மின்னல் மந்திரியை எடுத்து ராஜாவுக்கு முன்னால் டொக்கென்று வைத்தார். "பாருங்க! ஒரு செகண்ட்! இதுக்குப் பதினோரு நாள்!"

அவர் வாயை மூடுவதற்குள் எதிரே இன்னொரு டொக் கேட்டது. குமாஸ்தாவும் மந்திரியை எடுத்து வைத்துவிட்டார்.

மின்னல் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இவ்வளவு நாளா கல்லு மாதிரி உக்காந்துட்டு, இப்ப மட்டும் பட்டுனு ஆடுறீங்க? எங்களைப் பார்த்தா கேனைங்களா தெரியுதா?"

குமாஸ்தா மின்னலின் பக்கத்துக் காய்களை விரல் நீட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, மேசையில் வைத்து நீவி, பேனா மூடியைத் திறந்து, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பார்த்துட்டேன் மேடம். ராணியை இழந்தவர் தோத்தவர். நல்ல தீர்மானம். எனக்கும் பூரண சம்மதம்."

செயலாளர் அம்மா தாளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கடைசியாக மின்னலைப் பார்த்தார். "உங்க பக்கம் ராணி இல்லையே சார்."

"அது அவர் இழந்த ராணி!"

"பக்கம் மாத்திக்கிட்டதா நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

மின்னல் பலகையை ஒரு தள்ளுத் தள்ளினார். சிப்பாய்கள் நாற்காலிகளுக்கு அடியில் உருண்டன. அநியாயம் என்றார், சதி என்றார், கோர்ட்டுக்கே போவேன் என்றார். கோர்ட்டு என்றதும் குமாஸ்தாவின் முகத்தில் ஒரு பிரகாசம் வந்ததைப் பார்த்து, அதையும் பாதியில் நிறுத்தினார்.

கூட்டம் கலைந்தது. மனைவி ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு, மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டும் என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மின்னல் அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு, சரளைக்கல் மேல் அவள் வேகத்துக்குக் கூடவே நடந்தார்.

"சாதாரண ஆள் இல்ல அவரு" என்று கடைசியில் முனகினார். "ராணியைக் குடுக்கும்போதே இவ்வளவு தூரம் கணக்குப் போட்டிருக்காரு. பன்னிரண்டு வருஷத்துல இப்படி ஒரு மூளையை நான் பார்த்ததில்ல."

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. குமாஸ்தாவின் மனைவி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம். மனசுல வச்சுக்காதீங்க. உங்களால ஒரு உதவி ஆகணும். நேரம் கிடைக்கிறப்ப எங்க வீட்டுக்காரருக்கு அந்தக் காய் எல்லாம் எப்படிப் போகும்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

"அவருக்கா? நானா?" மின்னலுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "அவருக்குத் தெரியாததையா நான் சொல்லிக் குடுக்கப் போறேன்?"

"அட நீங்க வேற தம்பி, அந்த மனுஷனுக்கு செஸ்ஸே தெரியாது, நீங்க எந்தக் காயை வச்சீங்களோ அதையே பார்த்துப் பார்த்து வச்சுட்டு வந்திருக்கார், திடீர்னு நீங்க ராணியால வெட்டுனதும் திருப்பி வைக்க அவர்கிட்ட ராணி இல்லையா, அதான் பதினோரு நாளா சோறு தண்ணி இறங்காம முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்!"