கடைசி மாம்பழத்தின் உடல்நிலை பற்றி

மதிப்பிற்குரிய பழ டாக்டரும், ஊருக்குப் போகும்போது என் நல்ல குடையைக் கிளப்பிக்கொண்டு போனவருமான அக்கா அவர்களுக்கு, தம்பி பணிவோடு எழுதுவது. இங்கே யாவரும் நலம். அங்கே குடை நலமா?

முக்கிய அறிவிப்பு: நம் வீட்டு மரத்தின் கடைசி மாம்பழம், பறித்துப் பதினெட்டு நாளாகியும், ஒரு கரும்புள்ளி இல்லாமல் உன் மேஜைமேல் கம்பீரமாக வீற்றிருக்கிறது.

லீவு தள்ளிப்போச்சு என்று நீ போனில் சொன்னதும், அதுவரைக்கும் பழம் தாங்காதே என்று அம்மா மூக்கை உறிஞ்சினாள். நீ உடனே உன் ஆய்வுக்கூடத்துக் குரலில், "மருந்தெல்லாம் வேணாம்மா. சுடுதண்ணில கொஞ்ச நேரம் போட்டு எடு. பழம் லேசா பயந்துடும். அந்தப் பயத்துல அதோட எதிர்ப்புச் சக்தி தானா முழிச்சுக்கும்" என்றாய். பயமுறுத்துவது இந்த வீட்டில் யாருடைய துறை? பொறுப்பேற்றேன். நீ சொன்ன சூடு ஐம்பத்திரண்டு டிகிரி. நம் காய்ச்சல் தெர்மாமீட்டரோ நாற்பத்திரண்டிலேயே கையை விரித்துவிட்டது. அதனால் அம்மா விரலை நியமித்தோம். அது அடுப்படியில் காய்த்துப்போன விரல், "இன்னும் சூடு பத்தல" என்று சொல்லிச் சொல்லியே முதல் பழம் வெந்துவிட்டது. அடுத்து அப்பா விரல். ஆபீஸில் காகிதம் புரட்டும் விரல், வெதுவெதுப்புக்கே அலறியது. இரண்டாவது பழம் சுகமாகக் குளித்துவிட்டு நாலாம் நாள் காம்போரம் அழுகியது. கடைசிப் பழத்துக்கு இருவரையும் ஒரே பாத்திரத்தில் விரல் விடச் சொன்னேன். அப்பா அலறி, அம்மா அலறாத இடம் எதுவோ, அதுதான் ஐம்பத்திரண்டு. எப்படி என் மூளை?

இப்போது அம்மா தினமும் காலையில் உன் அறைக்குப் போகிறாள், பழத்தைப் பார்க்கத்தான். அப்பா சாயங்காலம் உன் நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்கிறார், அதுவும் பழத்துக்காகத்தான். நான் போவது முழுக்க அறிவியல். உன்னை யாரும் தேடவில்லை, கவலைப்படாதே.

அம்மா அப்பாவின் ஆசிகளும், காய்த்து முடித்த மரத்தின் வணக்கமும்.

இப்படிக்கு,
உன் குடையில்லாத் தம்பி

பின்குறிப்பு: பழம் பதினோராம் நாளே அழுகிடுச்சு அக்கா. மேஜையில் இருப்பது வெறும் தட்டு. அதை எடுத்துக் கழுவ ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. நீ வர ஒரு சாக்கு இருக்கட்டுமே என்று அளந்துவிட்டேன். நீ கிளம்பிப் போனதும் எங்கள் மூன்று பேரையும் சுடுதண்ணியில் போட்டு எடுத்த மாதிரிதான் இருந்தது. எட்டு மாசமாச்சு, இன்னும் ஒருத்தருக்கும் எதிர்ப்புச் சக்தி முழிக்கல. குடையை நீயே வச்சுக்க. வந்துட்டுப் போ.