இரண்டு ‘உம்’மும் ஒரு காக்காவும்

அந்தக் காலத்து மட்டக்களப்பில் சட்டம் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். சட்டத்தில் கிடந்த சொல்லின் கழுத்தைப் பிடித்து உலுக்கியவர் ஒருவர்தான். அரசாங்கக் கச்சேரி வாசலில் பெட்டிசம், அதாவது மனு, எழுதிக்கொடுத்த ‘அல்லது காக்கா’. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் ‘காக்கா’ என்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

பட்டப்பெயர் தேத்தண்ணிக் கடையில் வந்தது.

“காக்கா, தேத்தண்ணியும் வடையும் தரட்டா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“வடை முடிஞ்சா தேத்தண்ணியும் தரமாட்டியா? தேத்தண்ணி அல்லது வடை எண்டு கேளு!”

கடைக்காரர் அப்படியே கேட்டார். காக்கா இரண்டும் வேண்டும் என்றார்.

காத்தான்குடியில் ஒருவர் மகளின் கலியாணத்துக்கு அழைப்பு எழுதக் கொடுத்தார். ‘மனைவியும் மக்களும்’ என்று எழுதினால் பிள்ளையில்லாதவன் வராமல் நின்றுவிடுவானே என்று காக்காவுக்குப் பயம். ‘மனைவி அல்லது மக்களோடு வரவும்’ என்று எழுதிவிட்டார். யாரை விட்டுவிட்டுப் போவது என்று ஊரில் பாதி வீடுகளில் சண்டை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கச்சேரியில் இளைய கிளாக்கர். ஒரு மாரிக்கு முன், வரப்போகும் சட்டமொன்றின் நகலைச் சுவரில் ஒட்டினேன். மறுப்பிருந்தால் விசாரணை நாளன்று சொல்லலாம்.

மாரியில் வாவி நிரம்பினால் ஆற்றுவாயில் மணலை வெட்டி, வெள்ளத்தைக் கடலுக்கு விடவேண்டும். வெட்டாவிட்டால் கரையோர வயல் வட்டைகளில் வேளாண்மை அழுகிப்போகும். வெட்டினால் வாவியிலுள்ள றால் கடலுக்குப் போய், மீன்பிடிகாரர் பிழைப்புக் கெடும். நகலில், ‘வட்டவிதானையும் மீன்பிடித் தலைவரும் எழுதிக் கேட்டால் ஆற்றுவாய் வெட்டப்படும்’ என்றிருந்தது. வட்டவிதானை வயல்களுக்குப் பொறுப்பானவர்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் வயல் வாவியோரப் பள்ளத்தில் கிடந்தது. முந்திய மாரியில் இரண்டு நாள் பிந்தி வெட்டியதில் அத்தனையும் அழுகி, வருடம் முழுக்க எங்களுக்குக் கடை அரிசி. அப்படியிருந்தும் ஒட்டிய எனக்கு அந்த வரியில் ஒன்றும் உறைக்கவில்லை. காக்கா சுவரில் மூக்கு முட்ட வாசித்தார்.

“தம்பி, இதுல ரெண்டு ‘உம்’ கிடக்கு. ரெண்டு பேரும் கேட்டாத்தான் வெட்டுவாங்க. விதானை கேப்பாரு. மற்றவன் கேப்பானா? உங்கட வேளாண்மை இந்த முறையும் தண்ணிக்குள்ளதான்.”

மற்றவன் கேட்கமாட்டான். அந்த மற்றவன் காக்காவின் மனைவியுடைய சொந்தத் தம்பி.

விசாரணை நாளில் தமிழ்ப்படி எழுதிய கச்சேரி மொழிபெயர்ப்பாளர் முதலியாரின் முன்னால் போய் நின்றார் காக்கா.

“ஒரு ‘உம்’முக்கா இவ்வளவு சத்தம்?” என்றார் முதலியார்.

“ஒண்டில்லை ஐயா, ரெண்டு. விதானைட வால்ல ஒண்டு, தலைவர்ட வால்ல ஒண்டு. ரெண்டையும் கழட்டிப்போட்டு நடுவில ‘அல்லது’ போடுங்க.”

மைத்துனர் துள்ளி எழுந்தார். “மச்சான், றால் எல்லாம் போனா நாங்க என்னத்தத் தின்னுற?”

“கோடையில ஆத்துவாய் அடைபட்டு மீன் ஏறாட்டி நீ தனியக் கேக்கலாம். விதானைட காலில விழத் தேவையில்லை. உனக்கும் சேத்துத்தான் சொல்லுறன்.”

மைத்துனர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. மத்தியானம்வரை வாதம் நடந்தது. முதலியார் களைத்துப்போய், வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டு, இரண்டு ‘உம்’மையும் வெட்டினார்.

காக்கா குடியிருந்தது, எங்கள் பக்கத்து வழக்கப்படி, மனைவியின் வீட்டில். செய்தி அவருக்கு முன்பே அங்கே போய்விட்டது.

“இந்த ஊட்டுல நான் அல்லது உங்கட சட்டம்!” என்று வாசலிலேயே சொல்லிவிட்டாராம் மனைவி. “ரெண்டுல எதுவெண்டு சொல்லுங்க!”

மறுநாள் இதை என்னிடம் சொல்லும்போது, “வசனம் சுத்தமா இருந்திச்சு தம்பி, ஒரு பிழை பிடிக்கேலாது” என்றார் காக்கா. எப்படியோ கெஞ்சி உள்ளே போயிருக்கிறார்.

அந்த மாரியில் விதானை கேட்டார், நேரத்துக்கு வெட்டினார்கள், எங்கள் வயல் தப்பியது. அறுவடை முடிந்ததும் புதிய அரிசியோடு காக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்கு ஒரு சாண் வயல்கூட இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. மைத்துனர் அனுப்பும் றாலும் மீனும்தான் அந்த வீட்டுக் கறி. விசாரணைக்குப் பிறகு அவர் ஒன்றும் அனுப்பவில்லை.

“பின்ன ஏன் காக்கா இப்படிச் செய்தீங்க?”

“எழுத்துப் பிழை தம்பி. பாத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கிற?”

மனைவி முகம் கொடுக்காமல் எங்கள் அரிசியில் சோறாக்கி, வெறும் பருப்போடு வைத்தார். காக்கா அதை ருசித்துத் தின்றார். நான் என் சோற்றையும் அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.