லாரிகள் மெதுவாகப் போன பத்து நிமிடம்

“கண்ணுக்கே தெரியாததைப் பாக்கவாம்மா பெரம்பலூர்லேர்ந்து தெனம் பஸ் ஏறுற?” என்று குன்னத்து மாமா கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்.

அரியலூரில் இருக்கும் என் ஆய்வகத்து உதவியாளரைப் போலத் தரையின் நடுக்கத்தைக் காலாலேயே கேட்கிற மனிதர் பூமியில் வேறு கிடையாது. எல்லோருக்கும் அவர் ‘உஷ்’. செருப்பே போடமாட்டார். மைக்ராஸ்கோப் ஓடினால் ஃபேனை நிறுத்திவிடுவார். துறைத் தலைவரையே, “தும்மணும்னா வெளிய போய்த் தும்மிட்டு வாங்க சார்” என்று அனுப்பியவர்.

உயிருள்ள செல்லின் மேல்சவ்வில் தங்க நானோ துகள்களை விட்டு, அவை எப்படி நகர்கின்றன, சுழல்கின்றன என்று படமெடுப்பது என் வேலை. குச்சி போன்ற துகள் சுழலும்போது அதன் ஒளி கூடிக் குறையும். ஒருநாள் எல்லாத் துகள்களும் ஒரே நொடியில் ஒரே பக்கம் குதித்தன. பெரிய கண்டுபிடிப்பு என்று கத்திவிட்டேன்.

உஷ் திரையைப் பார்த்தார். தன் பாதத்தைப் பார்த்தார்.

“இது சிமெண்ட் லாரி, பாப்பா. வாசல் வேகத்தடையில ஏறி எறங்குது.”

பழைய பதிவுகளைப் புரட்டினேன். மூன்று மாத உழைப்பு முழுக்க லாரிதான். “வெள்ளிக்கிழமைக்குள்ள ஆட்டமில்லாத பத்து நிமிஷம் வேணும். இல்லேன்னா தலைப்பை மாத்திக்கம்மா” என்றார் பேராசிரியர்.

வெள்ளிக்கிழமை, தட்டில் செல்களை வைத்தேன். ஒரு மணி நேரம்தான் தாங்கும். உஷ்ஷைக் காணோம். நானே பதிவைத் தொடங்கினேன். பத்து நிமிடம் ஒரு குதிப்பும் இல்லை. ஒரு துகள் நகர்ந்தது. இன்னொன்று நின்ற இடத்திலேயே சுழன்றது. ஒவ்வொன்றும் தன் போக்கில்.

நடந்ததை வாட்ச்மேன்தான் பிறகு சொன்னார். உச்சி வெயிலில், வேகத்தடை அருகே, வெறுங்காலோடு நின்று உஷ் ஒவ்வொரு லாரியையும் மறித்திருக்கிறார்.

“என்னங்க, உள்ள ஆபரேஷனா?”

“உள்ள உசுரு இருக்குண்ணே. பூ மாதிரி எறக்குங்க.”

சிமெண்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல் லாரிகள் பூவாக இறங்கியிருக்கின்றன. திரும்பி வந்த டிரைவர் ஒருவர், “புள்ள பொறந்துருச்சா?” என்று விசாரித்தாராம். “நல்லா சுத்துது” என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே வந்துவிட்டார்.

வந்தவர் பதிவை முழுசாகப் பார்த்தார். கொப்புளம் போட்ட பாதங்களை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நேற்று ஆய்வுக் கட்டுரையை அனுப்பிவிட்டேன். வருகைப் பதிவேட்டில் தேடி எடுத்த அவருடைய முழுப்பெயர், அதை எழுதியவர்கள் வரிசையில் என் பெயருக்கு அடுத்ததாக இருக்கிறது. அவரைக் கேட்கவில்லை.