வெறும் பையைக் கொடுக்கலாமோ?

சரியானதைத்தான் எடுக்க வேண்டும் என்று அதிகம் தவிப்பவர்களின் கைக்குத்தான் பிழையானது தேடி வந்து சேரும். இது நான் கண்ட உண்மை. காய்கறிக் கடையில் ஒரு பூக்கோவாவை எடுத்து, திருப்பிப் பார்த்து, கூடைக்குள் வைத்து, காசு கட்டும் வரிசையில் நின்றபடி ‘மற்றதை எடுத்திருக்கலாமோ’ என்று திரும்பி ஓடுகிற ஆள் நான். (இப்பவும் அப்பிடித்தான். என்ரை மனுசன் அந்த நேரத்தில காருக்குள்ள நித்திரை கொள்ளப் பழகியிட்டார்.) இப்படிப்பட்ட என்னிடம்தான் ஒரு வேட்டைக்காரருக்கு முதுகுப்பை தெரிவு செய்யும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

வேட்டைக்காரர் என்றால் மீசையும் முறைப்புமாக யாரையோ நினைக்க வேண்டாம். டென்மார்க்கின் விபோர்க் நகரில் எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த யென்ஸ். பூனைக்கும் ‘காலை வணக்கம்’ சொல்லுகிற மனிதர்.

என் கணவர் அருள் யாழ்ப்பாணத்தில் இருந்து முன்னதாக அகதியாக வந்துவிட்டார். அப்போது மகள் அனித்தா என் வயிற்றில். பிறகு எங்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அந்த வருடங்களில் எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் ஏதோ ஓர் அலமாரியில் உறங்கின. ஏன் உறங்கின என்பது பின்னால் பெரிய வழக்காகி, ஓர் அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பியது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது பதில் வராது என்பது மட்டும்தான். யென்ஸ் அருளுக்காக எழுதினார், தொலைபேசி எடுத்தார், பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதினார். கடைசியில் நானும் அனித்தாவும் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் அருளுக்குப் பக்கத்தில் நின்று அருளைவிடக் கூட அழுதவர் அவர்தான்.

அவருக்கு ஐம்பது வயது வந்தது. டென்மார்க்கில் ஐம்பது என்பது எங்கள் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு மாதிரி. மண்டபம், சாப்பாடு, பாட்டு எல்லாம் உண்டு. மணவறை மட்டும்தான் இல்லை. என்ன கொடுக்கலாம் என்று அவர் மனைவி கிர்ஸ்டனிடம் இரகசியமாகக் கேட்டேன்.

“ஒரு நல்ல முதுகுப்பை,” என்றார் கிர்ஸ்டன். “பாரம் குறைஞ்சதா, சட்டம் வைச்சதா. கோடையில நடக்கவும் வேணும், ஒக்டோபரில வேட்டைக்கும் வேணும். அந்தப் பழைய கன்வஸ் பையோட போய்ப் போய்த் தோள் போயிட்டுது. இந்த வருசமும் அதோடதான் எண்டா, இதுதான் அவரின்ரை கடைசி வேட்டை.” (அவர் டெனிஷில் சொன்னதுதான். என் காதில் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும்.)

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என்னைப் புருசனிடம் கொண்டுவந்து சேர்த்த மனிதரின் தோளைக் காப்பாற்றும் வாய்ப்பு! பை பிழையாகிப் போனால் அவர் வேட்டை முடிந்தது. என் நன்றியும் முடிந்தது.

படிக்கத் தொடங்கினேன். நூலகத்தில் மலையேறுபவர்களின் புத்தகங்களை அகராதியோடு வாசித்தேன். பாரம் தோளில் இருக்கக் கூடாதாம், இடுப்பெலும்பில் இருக்க வேண்டுமாம். அலுமினியச் சட்டம் என்றால் பாரம் குறைவு, ஆனால் முதுகின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும். துணி சரசரக்கக் கூடாது, மான் ஓடிவிடும். சமைக்கும்போதும் அருளுக்கு இதையே ஓதினேன்.

“உங்கள் ரெண்டு பேரையும் கூப்பிடுறதுக்கே ஆரும் இவ்வளவு யோசிக்கேல்லை,” என்றார் அருள்.

“கூப்பிட்டது நீங்களப்பா.”

“ஓம், அதுதான் கெதியா முடிஞ்சது.” (வருடக்கணக்காக இழுத்து முடிந்த அந்தக் கெதி எனக்குத் தெரியும்.)

நான் போன முதல் நாளே பைக் கடைக்காரர் யென்ஸின் முதுகின் நீளத்தைக் கேட்டார். கிர்ஸ்டனிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் உத்தேசமாகச் சொல்லிவிட்டால்? எனக்கு உத்தேசம் போதாது. மறுநாள் யென்ஸின் சேட் கொடியில் காய்ந்தது. தையல் நாடாவை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன். கழுத்துப் பட்டியில் இருந்து கீழே அளந்து கொண்டிருக்கும்போது பின்னால் யென்ஸின் குரல்.

“என்ரை சேட்டில ஏதும் பிழையோ?”

நாடாவைச் சட்டைக்குள் திணித்தேன். தெரிந்த டெனிஷ் எல்லாம் பறந்துவிட்டது. “நல்ல சேட்,” என்றேன். பிறகு மரியாதைக்காக, “மிக நீளம்,” என்றும் சேர்த்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் சேட்டுகளை வீட்டுக்குள்ளே காயப் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு கடைக்குப் போனோம். கையில் ஒரு மூட்டை சம்பா அரிசி. வெறும் பையை மாட்டிப் பார்த்து என்ன தெரியும்? பாரம் ஏற்றித்தானே பார்க்க வேண்டும்! பாரம் ஏற்றுவதற்கு அருள் இருந்தார். கடைக்காரர் சட்டத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த தட்டைக் காட்டி, சுட்ட மானை அதிலே வைத்துக் கட்டலாம் என்று விளக்கினார். நான் அரிசியை மான் மாதிரி நிமிர்த்திக் கட்டி, இடுப்புப் பட்டியைப் பூட்டி, “நடவுங்கோ,” என்றேன்.

“எங்கையப்பா?”

“காடு எண்டு நினைச்சு நடவுங்கோ. குனியுங்கோ. மான் நிக்குது. இப்ப நிமிருங்கோ.”

அருள் நிமிர்ந்தார். அரிசி நிமிரவில்லை. மனிதர் அப்படியே பின்பக்கமாகப் போய், காட்சிக்கு விரித்து வைத்திருந்த கூடாரத்துக்குள் மல்லாக்காக விழுந்து, ஆமை மாதிரிக் கையும் காலும் ஆட்டினார். அனித்தா கைதட்டி, “அப்பா, இன்னொருக்கா!” என்று டெனிஷில் கத்தினாள். நான் ஓடிப்போய் முதலில் சட்டம் வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். (இதை அருள் இன்றுவரை மறக்கவில்லை.) சட்டம் வளையவில்லை. அதையே வாங்கினோம்.

செம்மஞ்சள் நிறம் வாங்கினோம். அன்று பின்னேரமே மான் கண்டுவிடும் என்று பயந்து பச்சைக்கு மாற்றினேன். பிறகு பச்சை என்றால் யென்ஸ் காட்டில் விழுந்து கிடந்தாலும் யாருக்கும் தெரியாதே என்று மறுபடி செம்மஞ்சள். அதற்குப் பிறகு மறுபடி பச்சை. கடைசித் தடவை கடைக்காரர் என்னைக் கண்டதும் பின்னறைக்குப் போனவர்தான், வரவேயில்லை. அவர் மனைவிதான் மாற்றித் தந்தார்.

அழகான பை! தூக்கினால் காற்று. கொண்டாட்டத்துக்குப் போகும் அன்று காலை அதை மேசையில் வைத்துப் பூரித்துப்போய் நின்றேன். அப்போதுதான் அந்த நினைப்பு வந்து நெஞ்சில் குத்தியது.

“இஞ்சேருங்கோ, வெறும் பையைக் குடுக்கலாமோ?”

எங்கள் வீடுகளில் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். பக்கத்து வீட்டுக் கோப்பையைக் கொடுத்தாலும் அதற்குள் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறுமையைக் கையில் கொடுப்பது சரியில்லை. அதுவும் இப்படி ஒரு மனிதருக்கு!

“அப்ப ரெண்டு சொக்லேட்டைப் போட்டு விடும்,” என்றார் அருள், சேவ் எடுத்தபடி.

சொக்லேட்டா? வேட்டைக்காரருக்கா? நான் யோசித்தேன். அரிசி போட்டால் கொட்டும். சீனி போட்டால் எறும்பு. அலுமாரியைத் திறந்தபோது கட்டாக் கருவாடு கண்ணில் பட்டது. ஜேர்மனியில் இருந்து ஓகூஸ் நகரத்துக்குச் சாமான் கொண்டுவரும் ஓர் அண்ணையிடம் சொல்லிவைத்து வாங்கியது. வீட்டில் அதைவிடப் பெறுமதியான பொருள் கிடையாது. யென்ஸ் ஒருமுறை எங்கள் வீட்டில் கருவாட்டுப் பொரியல் சாப்பிட்டு, நீண்ட நேரம் மென்று, கண் கலங்க, “வித்தியாசமா இருக்கு,” என்று சொன்னவர். (அது பாராட்டு என்று நான் அப்போது நம்பினேன்.) இரண்டு நல்ல துண்டைப் பேப்பரில் சுற்றி, பொலித்தீனில் கட்டி, பையின் அடியில் இருந்த இரகசிய அறைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினேன். தனியாக ஒரு சமயம் பார்த்து யென்ஸிடம் சொல்லலாம்.

டெனிஷ் கொண்டாட்டத்தில் தனியாக ஒரு சமயம் கிடையாது. ஒருவர் பேசினார், எல்லோரும் பாடினார்கள், சாப்பிட்டார்கள், இன்னொருவர் பேசினார். பையைக் கண்டதும் யென்ஸ் அங்கேயே மாட்டிக்கொண்டு மேசைகளைச் சுற்றி நடந்து, “தோளில ஒண்டுமே இல்லாத மாதிரி இருக்கு!” என்று கூவினார். நான் அழுதேன். இறைச்சிக்கும் இனிப்புக்கும் நடுவில் சொல்லலாம் என்று எழும்பினேன், மறுபடி எல்லோரும் பாடத் தொடங்கினார்கள். பிறகு அனித்தா கோட்டுகளின் மேல் நித்திரையாகிப் போனாள். பரவாயில்லை, எப்படியும் அவரே கண்டெடுத்துப் பொரித்துச் சாப்பிடுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வார இறுதியில் வேட்டை. “பையின்ரை முதல் நாள்! நீங்களும் வாங்கோ,” என்றார் யென்ஸ். “மரத்தில தட்டி மான் கலைக்க ஆள் வேணும்.” பொழுது விடியும் வெள்ளாப்போடு அவருடைய காரில் கிளம்பினோம். பை எங்கள் இருக்கைக்குப் பின்னால்.

நகரம் தாண்டியதும் கிர்ஸ்டன் மூக்கைச் சுளித்தார். “இண்டைக்கு வயலுக்கு எரு அடிக்கினம் போல.”

யென்ஸ் கண்ணாடியை ஏற்றினார். ஏற்றியதும் மணம் கூடியது.

“வீட்டிலயும் இப்பிடித்தான்,” என்றார் கிர்ஸ்டன். “ஒரு கிழமையா நிலக்கீழ் அறையில தாங்க முடியேல்லை. குழாய்க்காரன் வந்து தரையையே உடைச்சுப் பாத்தான். ஒண்டும் பிடிபடேல்லை.”

“பையை எங்கை வைச்சிருந்தனீங்கள்?” என்று மெல்லக் கேட்டேன்.

“அங்கைதான். கொதிகலனுக்குப் பக்கத்தில. நல்லாக் காயட்டும் எண்டு.”

அருள் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை மொழிபெயர்க்க முடியாது. “சொல்லும்,” என்றார். “இறங்கினாப் பிறகு,” என்றேன். தரையையே உடைத்துவிட்டார்கள்! அதற்கு என்னிடம் டெனிஷ் இல்லை. வழியெல்லாம் மனதுக்குள் வசனம் கட்டினேன். ‘உங்களுடைய பையில் மீன் இருக்கிறது.’ சீ, திடுக்கிடுவார். ‘எங்கள் பண்பாட்டில்...’ அது நீளம்.

காட்டோரத்தில் வேட்டைக்காரர்கள் வளையமாக நின்றார்கள். துவக்குகள் எல்லாம் திறந்தபடி, தோட்டா இல்லாமல். வேட்டைத் தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, பாதுகாப்பு விதிகளைப் பூசை மாதிரிச் சொல்லத் தொடங்கினார். அவர் காலடியில் பெல்லா என்ற நாய். அந்த வட்டாரத்திலேயே பெயர் போன நாயாம். மான் நிற்கும் திசையைக் கண்டால் ஒரு முன்னங்காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, சிலை மாதிரி நிற்குமாம்.

பெல்லா எழும்பியது. வளையத்துக்கு நடுவே நடந்து வந்தது. யென்ஸுக்குப் பின்னால் போய், ஒரு காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, சிலையாக நின்றது.

தலைவர் பேச்சை நிறுத்தினார். எல்லோரும் யென்ஸைப் பார்த்தார்கள்.

“யென்ஸ்,” என்றார் ஒருவர், “ஆடாதே.”

“நான் மான் இல்லை,” என்றார் யென்ஸ்.

நான் வாயைத் திறந்தேன். “பையில...” என்று தொடங்கினேன். அதற்குள் பெல்லா பாய்ந்துவிட்டது. பையின் அடியைக் கவ்வி இழுத்தது. இடுப்புப் பட்டி பூட்டியிருந்ததால் பையோடு யென்ஸும் போனார். புதருக்குள் மல்லாக்காக விழுந்து, கையும் காலும் ஆட்டினார். அருள் கூடாரத்துக்குள் கிடந்த அதே கோலம்! பெல்லா சிப்பைக் கிழித்து, பொலித்தீனைக் கிழித்து, இரண்டு துண்டுக் கருவாட்டையும் எல்லோருக்கும் முன்னால் இழுத்துப் போட்டது. காற்று எங்கள் பக்கம் அடித்தது. ஒருவர் தொப்பியால் மூக்கைப் பொத்தினார். அந்த நேரம் பார்த்து, பெரிய கொம்பன் மான் ஒன்று காட்டுக்குள்ளிருந்து வந்து, எங்களை நின்று பார்த்து, அவசரமில்லாமல் பாதையைக் கடந்து போனது.

எனக்கு மானும் தெரியவில்லை, வெட்கமும் தெரியவில்லை. தோள்! ஓடிப்போய் முழந்தாளிட்டேன். “தோள்! தோள் நோகுதோ?”

யென்ஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மெதுவாகக் கையைச் சுழற்றினார். “தோள் நிலத்தில படேல்லை,” என்றார் அதிசயமாக. “சட்டம் தாங்கிப் போட்டுது.” பிறகு தலையைத் திருப்பிக் கருவாட்டைப் பார்த்தார். “இது என்ன?”

அந்த வளையத்துக்கு நடுவே, உடைந்த டெனிஷில், வெறும் பையை ஏன் கொடுக்கக் கூடாது என்று விளக்கினேன். என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தவரின் கையில் வெறுமையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை என்றேன். எங்கள் வீட்டில் இருந்ததில் நல்லது அதுதான் என்றேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. பெல்லா கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

யென்ஸின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு படுத்தபடியே வெடித்துச் சிரித்தார். “கிர்ஸ்டன்! தரையை மூடச் சொல்லு!”

அன்று ஒரு மானும் சுடுபடவில்லை. பெல்லா பகல் முழுவதும் பையை விட்டு அகலவேயில்லை. ஆனால் அந்த வேட்டை யென்ஸின் கடைசி வேட்டையாகவும் இல்லை. கிழிந்த அறையை நானே தைத்துக் கொடுத்தேன். (உள்ளே ஊசியும் பட்டுநூலும் வைத்து. வெறுமனே கொடுக்கவில்லை.) அதற்குப் பிறகு கிர்ஸ்டன் எங்கள் கோப்பை ஒன்றைக்கூட வெறுமையாகத் திருப்பித் தந்ததில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு அனித்தா ஓகூஸில் பல்கலைக்கழகம் போனாள். நோர்வேயில் சிநேகிதிகளோடு மலை நடக்கப் போவதாகச் சொன்னபோது, யென்ஸ் அந்தப் பச்சைப் பையைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். நரைத்த தலையோடு வாசலில் நின்று, இடுப்புப் பட்டியை அவளுக்கு அளவாக்கிவிட்டார். சிரித்தார். எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. வழக்கம் போல, கேட்போமா விடுவோமா என்று யோசித்துக்கொண்டு நிற்க, அவள் ரயிலுக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது.

“அம்மா,” என்றாள் அனித்தா, தமிழில். (அவள் தமிழில் தொடங்கினால் விசயம் பெரிது.) “ரயில்ல நல்ல சனம். ஆனா என்ரை பெட்டியில நான் மட்டும்தான் இருக்கிறன். எல்லாரும் எழும்பிப் போயிட்டினம்.”

“அடி அறையைத் திறந்து பார் பிள்ளை.”

சிப் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு இருமல்.

“சீஸ், அம்மா. பழைய சீஸ். பேப்பரில சுத்தி, பொலித்தீனில கட்டி வைச்சிருக்கு.”

வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். யென்ஸ் தோட்டத்தில் நின்று, கொடியில் சேட்டுகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

“வெறும் பை கூடாது,” என்று அட்சரம் பிசகாமல் தமிழில் சொன்னார்.