சகோதரர் சங்கத்தின் கைகுலுக்கல்

பூட்டுக்கடைக்காரரை ஏமாற்ற இனிமேல் ஒருத்தன் பிறந்துதான் வரவேண்டும். இது ஊராரின் கருத்து அல்ல, அவருடைய கருத்து. அப்பேர்ப்பட்டவரைத் தேடி, உலகப் புகழ்பெற்ற ரகசியச் சகோதரர் சங்கமே கடைக்கு ஆள் அனுப்பியது என்றால் சும்மாவா? கோட்டு போட்ட அந்த ஆள் சங்கத்தின் கைகுலுக்கலைக் கற்றுக்கொடுத்தான். கட்டைவிரலை மடக்கி, எதிராளியின் சுண்டுவிரலை இரண்டு தரம் இழுக்கவேண்டும். இன்று சாயங்காலம் கல்யாண மோதிரத்தைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டால் அவரும் ஒரு சகோதரர். பெண்டாட்டியிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது.

அவரும் மூச்சு விடவில்லை. ஆனால் காலையிலிருந்து குளியலறைக் குழாய், பீரோ கைப்பிடி, நாற்காலியின் கை என்று ஒன்றையும் பாக்கி வைக்காமல் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, குழாய் கையோட வந்துடப் போகுது."

"இது விரலுக்குப் பயிற்சி. உனக்குப் புரியாது."

"எதிர்வீட்டு போட்டோக்கடைக்காரரும் நேத்திலேர்ந்து கதவுக்குக் கை குடுக்கறாராம். அந்த அக்கா சொன்னாங்க."

பூட்டுக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டிலேயே ஒரு சகோதரர்! செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

வாசலிலேயே இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள். இவர் சுண்டுவிரலை இழுத்தார். அவரோ இவர் உள்ளங்கையைச் சுரண்டி, முழங்கையில் தட்டினார். இவர் மறுபடி இழுத்தார். அவர் மறுபடி சுரண்டினார். சரியான பதில் வரட்டும் என்று இருவருமே கையை விடுவதாக இல்லை. கடைசியில் விரல்கள் சிக்கிக்கொண்டன. பிரித்தெடுக்க சோப்புத் தண்ணீர் தேவைப்பட்டது. இரண்டு பெண்டாட்டிகளும் அதைத் தயாராகவே கலக்கி வைத்திருந்தார்கள்.

பூட்டுக்கடைக்காரர் வீட்டுக்கு வந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாவம் அந்த மனுஷன்! எவனோ ஒரு போலி ஆளு தப்புத்தப்பா சொல்லிக்குடுத்து, நல்லா ஏமாத்திட்டான்!"

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது. "பாவம், பூட்டுக்கடைக்காரர்! எவனோ நல்லா ஏமாத்திட்டான்!"

அதைக் கேட்டதும் இவர் சிரிப்பு பாதியில் நின்றது. சற்று நேரத்தில் எதிர்வீட்டுச் சிரிப்பும் நின்றது.

"ரெண்டு பேருக்கும் வந்தவன் ஒரே கோட்டுக்காரன்தான்" என்றாள் மனைவி. "யாருக்கு என்ன சொல்லிக்குடுத்தோம்னு அவனுக்கே ஞாபகமில்ல. போட்டோக்கடைக்காரர் தூக்கத்துல எல்லாத்தையும் உளறிட்டார். உங்க ரெண்டு பேரையும் வாசல்ல கோத்துவிட்டது நானும் அக்காவும்தான்."

பிறகு உள்ளங்கையை நீட்டினாள்.

"மோதிரத்தக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"நாங்களும் ஒரு சங்கம் ஆரம்பிச்சிருக்கோம்."

"அப்ப என்னையும் சேத்துப்பீங்களா?" என்றார் ஆசையாக.

"ஆம்பளைங்களச் சேக்கறதில்ல. காணிக்கை மட்டும் வாங்கிக்கறோம்."